மடமைக்கு ஒரு மொழி, மாட்சிமைக்கு ஒரு மொழி: ‘பரமார்த்த குருவின் கதை’யும் நம் அருளுரைத் தமிழும்

வீரமாமுனிவர் இயற்றிய ‘பரமார்த்த குருவின் கதை’யை இளமையில் கேட்டுச் சிரிக்காத தமிழர் குறைவு. ஆயினும் அக்கதைத் தொகுப்பு தமிழர் படித்து மகிழ்வதற்கென எழுந்ததன்று. தமிழ் கற்க வந்த ஐரோப்பியக் குருமார்க்கு வாசிப்புப் பாடமாக எழுதப்பட்டது என்பதை அறிந்தோர் அதனினும் குறைவு. ஐரோப்பாவின் கதைச் செல்வமும், அயலார் தமிழ் கற்ற முயற்சியும் ஒன்றையொன்று சந்தித்த இடம் இந்நூல். ஆகவே மொழி கற்றலை ஆராய்வோரும், ஐரோப்பிய இலக்கியத்தை ஆராய்வோரும் இதனைத் தத்தமக்கு உரியதாகக் கொள்வது இயல்பே.

இந்நூற்றாண்டில் இத்துறை ஆய்வு விரைந்து வளர்ந்துள்ளது. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 2003இல் வெளியிட்ட நூல், தமிழ் நாட்டார் கதைகள் அச்சேறிய வரலாற்றில் பரமார்த்த குருவுக்குரிய இடத்தை விளக்கியது. சீகன்பால்க் தொகுத்த தமிழ் நூற்பட்டியலை வில் சுவீட்மன், ஆர். இலக்குவன் இருவரும் 2012இல் ஆராய்ந்து பதிப்பித்தனர். என்றிக்கே அடிகளார் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசிய மொழியில் எழுதிய தமிழ் இலக்கணத்தை ஜீன் ஹைன், வி. எஸ். ராஜம் ஆகியோர் 2013இல் ஆங்கிலத்தில் தந்தனர். வீரமாமுனிவரின் இலக்கியப் பணி தமிழ்க் கத்தோலிக்கத்தை உருவாக்கிய வகையை மார்கரிட்டா திரெந்தோ 2022இல் விரிவாக எழுதினார். யார் கற்றார், எவரிடம் கற்றார், எதற்காகக் கற்றார் என்னும் கேள்விகளுக்கு இவ்வாய்வுகள் நல்ல விடைகளைத் தருகின்றன.

எனினும் திருச்சபையார் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று எஞ்சி நிற்கிறது. எந்தத் தமிழை எந்தப் பொருளுக்கென ஒதுக்கினர்? அவ்வொதுக்கீடு இன்றும் நம்மிடம் நிலைத்திருக்கிறதா? இக்கட்டுரை இக்கேள்வியை முன்வைத்தே பரமார்த்த குருவின் கதையை மதிப்பிட முயல்கிறது.

1. நூலும் அதன் நோக்கமும்

கான்ஸ்டன்ஸோ பெஸ்கி 1680இல் இத்தாலியில் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தவர். இயேசு சபைக் குருவாக இந்தியா வந்து, மதுரை மறைத்தளத்தில் பணியாற்றி, 1747இல் மறைந்தார். 3615 பாடல்களால் ஆன ‘தேம்பாவணி’, ‘தொன்னூல் விளக்கம்’, ‘சதுரகராதி’ ஆகியவற்றை நம் மாணவர் அறிவர். இவற்றோடு, இலத்தீன் மொழியில் தமிழுக்கு இரண்டு இலக்கணங்களையும் அவர் எழுதினார். ஒன்று செந்தமிழுக்கு உரியது. மற்றது அவர் கொடுந்தமிழ் எனக் குறித்த வழக்குத் தமிழுக்கு உரியது. கொடுந்தமிழ் என்று அவர் சொன்னது இன்று நாம் பேச்சுத்தமிழ் என்பதோடு முற்றும் ஒத்ததன்று. மக்கள் நாள்தோறும் பேசியும் கடிதங்களில் எழுதியும் வந்த பொதுவழக்கு என்று கொள்வதே பொருந்தும்.

இக்கொடுந்தமிழ் இலக்கணம் 1730களின் இறுதியில் தரங்கம்பாடியில் அச்சாயிற்று என்பது கருதத்தக்கது. அவ்வச்சகம் லுத்தரன் மறைத்தொண்டருடையது. வீரமாமுனிவரோ அவர்களை மறுத்து ‘லுத்தேரினத்தியல்பு’ எழுதியவர். கொள்கையில் எதிரிகளாயிருந்தோர் மொழி கற்கும் தேவையில் ஒருவர் நூலை ஒருவர் தேடினர். நம் முன்னோர் மொழிப்பயிற்சிக்கு எத்துணை மதிப்பளித்தனர் என்பதற்கு இஃதொன்றே போதிய சான்று.

இலக்கணம் விதிகளைத் தரும். விதிகள் உயிரோடு இயங்குவதைக் கதையே காட்டும். அதற்கென எழுந்ததே பரமார்த்த குருவின் கதை. தமிழ்ப் பகுதிக்கு இலத்தீன் மொழிபெயர்ப்பையும் ஆசிரியரே செய்தார். 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் இதனை ஆங்கில மொழிபெயர்ப்பு, சொற்பட்டியல், முதற்கதையின் இலக்கணப் பகுப்பு ஆகியவற்றோடு லண்டனில் வெளியிட்டார். அதனால் குருமாரின் பாடம் கும்பினி அதிகாரிகளின் பாடமாயிற்று. பின்னரே அது தமிழ்ச் சிறுவரின் கதையாயிற்று.

2. பிறப்பிடம் பற்றிய வழக்கு

மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடரும் அவர்தம் குருவும் செய்யும் மடமைகள் ஐரோப்பாவினின்று வந்தனவா, இந்நாட்டினவா என்னும் வழக்கு இருநூறு ஆண்டுப் பழமையுடையது. 1826இல் பிரெஞ்சு மொழியில் இக்கதைகளை வெளியிட்ட துபுவா அடிகளார் இவை இந்நாட்டினவே என்ற கருத்தினர். பின்வந்த ஒப்பாய்வாளர் பலர் ஐரோப்பிய இணைகளை எடுத்துக்காட்டினர்.

பூசணிக்காயைக் குதிரை முட்டை எனக் கொள்வதும், அமர்ந்திருக்கும் கிளையையே வெட்டுவதும், தம்மை எண்ண மறந்து ஒருவரைக் காணவில்லையெனப் புலம்புவதும் உலகக் கதைவகைப் பட்டியலில் முறையே 1319, 1240, 1287 என்னும் எண்களைப் பெற்றுள்ளன. மாட்டின் நிழலுக்கு வாடகை கேட்கும் வழக்கு, கழுதையின் நிழல் பற்றிய பழங்கிரேக்கக் கதையை நினைவூட்டுகிறது. அவ்வழக்கினுள் வரும் கிளைக்கதையில் உணவின் மணத்துக்குக் காசின் ஓசையே விலையாகிறது; ரபெலே என்னும் பிரெஞ்சு ஆசிரியர் 1546இல் வெளியிட்ட நூலிலும் இது உண்டு. மறுபுறம், கிளையை வெட்டிய மூடன் நம் நாட்டில் காளிதாசனைப் பற்றிய கதையிலும் வருகிறான்.

இவற்றுள் எண்ணிக்கைக் கதை ஆழ்ந்து நோக்கத்தக்கது. வேதாந்த நூல்களில் பதின்மர் ஆற்றைக் கடந்து, ஒன்பதின்மரையே எண்ணி அழுகின்றனர். அறிந்தவன் ஒருவன் ‘பத்தாமவன் நீயே’ என உணர்த்துகிறான். சங்கரரின் மரபில் இது தன்னை அறிதலுக்கு உவமையாயிற்று. இங்கிலாந்தின் கோதம் ஊர் மடையர் கதையிலோ, பன்னிருவர் மீன்பிடித்துத் திரும்புகையில் பதினொருவரையே எண்ணுகின்றனர். வழிப்போக்கன் ஒருவன் அவர்களிடம் பணம் பெற்றுக்கொண்டு, ஒவ்வொருவரையும் அடித்து எண்ணிக் காட்டுகிறான். வீரமாமுனிவரின் கதையிலும் வழிப்போக்கன் பணம் பெறுகிறான். அடித்தே எண்ணச் செய்கிறான். ஆகவே இக்கதை எழுந்த வடிவம் ஐரோப்பிய மரபுக்கு அணுக்கமானது எனத் துணியலாம். வேதாந்தத்தில் ஒரு சொல்லே போதுமாயிருக்க, இங்குக் கோல் தேவைப்படுகிறது. ஒரே கதை ஓரிடத்தில் ஞானத்துக்கு வாயிலாகவும் பிறிதோரிடத்தில் நகைப்புக்கு இடமாகவும் நிற்பதை இறையியல் மாணவர் கருத்திற்கொள்வது நலம்.

எனினும், பிறப்பிட வழக்கில் எப்பக்கம் வென்றாலும் நூலின் தன்மை மாறப்போவதில்லை. கதைகள் ஊர் ஊராக நடப்பவை. அவற்றைக் கொண்டு ஆசிரியர் எதைச் செய்தார் என்பதே திறனாய்வாளன் காண வேண்டியது.

3. பாடநூல் என்ற அளவில் அதன் திறம்

மொழிப்பாடம் என்ற அளவில் இந்நூலின் சிறப்பை மறுக்க இயலாது. ஆற்றைக் கடக்கும் கதையை எடுத்துக்கொள்வோம். ஆறு விழித்திருக்கிறதா, உறங்குகிறதா என அறியச் சீடன் ஒருவன் கொள்ளிக்கட்டையால் நீரைத் தொடுகிறான். நீர் சீறுகிறது, எனவே விழித்திருக்கிறது. பின்னர் அதே கட்டையால், நெருப்பு அவிந்த நிலையில், மீண்டும் தொடுகிறான். சீற்றம் இல்லை, எனவே உறங்குகிறது. ஒரே செயல் இருமுறை நிகழ்கிறது. கற்போன் முன்பு கேட்ட சொற்களையே மறுபடி கேட்கிறான். மாறியது எதுவோ அதனை மட்டும் கூர்ந்து கவனிக்கிறான். புரியக்கூடிய மொழியை மிகுதியாகக் கேட்பதே கற்றலுக்கு வழி என 1980களில் ஸ்டீவன் கிராஷன் முதலிய ஆய்வாளர் வற்புறுத்தினர். அதனை இம்முனிவர் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே செயலிற் காட்டினார் எனலாம்.

அவர் புதிதாகக் கண்ட வழியன்று இது. இலத்தீன் கற்கும் பிள்ளைகட்கு எராஸ்மஸ் 1518 முதல் உரையாடல்களை வெளியிட்டார். கொமேனியஸ் 1658இல் படங்களோடு கூடிய பாடநூலைத் தந்தார். மகிழ்வித்துக் கற்பிக்கும் இம்மரபில் வளர்ந்த கல்வியைத்தான் இயேசு சபையார் தம்மோடு கொணர்ந்தனர். ஐரோப்பாவில் இலத்தீனுக்குச் செய்ததை வீரமாமுனிவர் தமிழுக்குச் செய்தார். தமிழையும் முறைப்படி கற்பதற்குரிய மொழியாக மதித்தார் என்பது இதன் பொருள்.

இதனினும் நுட்பமான திறம் ஒன்றுண்டு. இக்கதைகளின் மடமை பெரும்பாலும் பொருள்கொள்ளும் மடமை. குரு குதிரையினின்று விழும் கதையைக் காண்க. கீழே விழுந்தவற்றுள் எவற்றை எடுக்க வேண்டும் என்பதற்குச் சீடர் ஓலையில் ஒரு பட்டியல் எழுதி வாங்கிக்கொள்கின்றனர். குரு குழியில் விழுந்தபோது, பட்டியலை வாசித்து அவருடைய உடைகளை ஒவ்வொன்றாக எடுக்கின்றனர், குருவை எடுப்பதில்லை. அவர் பெயர் பட்டியலில் இல்லையே! புதிய மொழியைக் கற்பவன் சொற்பட்டியலைக் கையிற்கொண்டு அலைபவன். அவனுக்கு உடைப்பெயர்களைக் கற்பிக்கும் பாடமே, பட்டியலை நம்பினால் ஆளை இழப்பாய் என்னும் எச்சரிக்கையும் ஆகிறது. எழுத்துக்கும் ஆவிக்கும் பவுல் காட்டிய வேறுபாட்டைப் பற்றி அருளுரை ஆற்றுவோர்க்கு இதனினும் தெளிவான விளக்கம் கிடைத்தல் அரிது.

4. குறை எங்கே?

குறை எனத் தோன்றுவது கதைகளில் இல்லை, பங்கீட்டில் உள்ளது. வளனாரின் வாழ்வைப் பாட வந்தபோது முனிவர் காப்பியத்தையும் செந்தமிழையும் தேர்ந்தார். மக்களின் பொதுவழக்கில் புனைகதை எழுத வந்தபோது மூடரின் கதையைத் தேர்ந்தார். மாட்சிமைக்கு ஒரு மொழி, மடமைக்கு ஒரு மொழி என்றாயிற்று. புதிதாய் வந்த குருவானவர் தெருவில் கேட்கும் தமிழை முதன்முதலாக மூடரின் வாயிலாகவே கற்கிறார். நகைப்புக்கு உள்ளாவோர் இந்நாட்டு மடத்தார். நகைப்போர் கடல் கடந்து வந்தோர். கும்பினி அதிகாரிகளின் கைக்கு நூல் சென்றபோது இந்நிலை இன்னும் கூர்மையடைந்திருக்கும் என எண்ண இடமுண்டு.

இதற்கு ஒரு மறுப்புக் கூறலாம். வீரமாமுனிவர் உபதேசியார்க்கென ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் நூலை உரைநடையில் எழுதினார். ‘வேதவிளக்கம்’ முதலிய உரைநூல்களும் அவருடையவை. ஆகவே உயர்பொருளை உரைநடையில் அவர் சொல்லவில்லை என்பது பொருந்தாது. இம்மறுப்பு நியாயமானதே. எனினும் அந்நூல்கள் அறிவுறுத்தவும் வாதிடவும் எழுந்தவை. மனிதர் நடமாடிப் பேசும் கதை என்று வரும்போது, எளிய வழக்கில் மேன்மையான மாந்தர் எவரையும் அவர் நடமாடவிட்டதாகத் தெரியவில்லை. எளியோரின் பேச்சு சிரிப்பதற்கும், கற்றோரின் பாட்டு வணங்குவதற்கும் என்னும் எல்லை அங்கே குலையாமல் நிற்கிறது.

இதற்கு அவரை மட்டும் பொறுப்பாக்குதல் தகாது. அவர் வந்து சேர்ந்த நாட்டிலும் அவ்வெல்லை பழமையானது. இக்கட்டுரை எழுதப்படும் உத்திரமேரூரில், வைகுண்டப்பெருமாள் கோயிற் சுவர்களில் முதற் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறையையும், ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றையும் விதித்த சதுர்வேதிமங்கலத்துச் சபையாரின் மொழி, வடசொல் மிகுந்த தமிழாக அங்கே கல்லில் நிற்கிறது. அந்த ஏரிக்குக் கரையிட்டவர், அதன் நீரால் உழுதவர் என்ன மொழியில் பேசினர் என்பதை அக்கல் நமக்குச் சொல்வதில்லை. அவர்களுடைய வழித்தோன்றல்களையும் உள்ளடக்கிய நம் கூட்டத்துக்குச் ‘சபை’ என்ற அதே சொல்லை நாம் வழங்குகிறோம். சொல்லைப் பெற்றுக்கொண்டோம், அதனோடு அவ்வெல்லையையும் பெற்றுக்கொண்டோமோ என்று ஆராய்தல் வேண்டும்.

5. நற்செய்தியின் நடை

ஐரோப்பிய இலக்கிய ஆய்வினின்று இங்கு நமக்கு ஒரு துணை கிடைக்கிறது. எரிக் அவர்பாக் 1946இல் வெளியான ‘மிமெசிஸ்’ என்னும் நூலில், பேதுரு மறுதலித்த நிகழ்ச்சியை ஆராய்கிறார். பழைய கிரேக்க, ரோம இலக்கிய நெறிப்படி மீனவன் ஒருவனும் வேலைக்காரப் பெண்ணொருத்தியும் முற்றத்தில் பேசிக்கொள்வது நகைநாடகத்துக்கே உரியது; பெருந்துயரும் பெருமாட்சியும் அரசர்க்கும் வீரர்க்கும் உரியன. நற்செய்தியாளரோ ஒரு மீனவனின் நடுக்கத்தையும் கண்ணீரையும், எளிய மொழியில், மீட்பின் வரலாற்றுக்கு நடுவே வைத்தனர். இவ்வாறு நடைகளுக்கிடையே இருந்த மதில் இடிந்தது என்பது அவர் கண்ட முடிவு. அடோல்ப் டைஸ்மன் 1908இல், எகிப்தியப் பாப்பிரசு ஏடுகளைக் கொண்டு, புதிய ஏற்பாட்டின் கிரேக்கம் அக்கால மக்களின் கடிதங்களிலும் கணக்குகளிலும் வழங்கிய மொழியே என நிறுவியதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

லுத்தரின் வாழ்வில் 1530ஆம் ஆண்டு இவ்வகையில் பொருள் பொதிந்தது. கோபுர்க் கோட்டையில் தங்கியிருந்த அவ்வாண்டில் அவர் ஈசாப்புக் கதைகளை ஜெர்மன் மொழியில் திருத்தி எழுதத் தொடங்கினார். மொழிபெயர்ப்பு பற்றிய தம் புகழ்பெற்ற மடலையும் எழுதினார். வீட்டில் தாய், தெருவில் பிள்ளைகள், சந்தையில் சாமானியன் ஆகியோர் பேசும் வாயை நோக்கியே மொழிபெயர்க்க வேண்டும் என்பது அம்மடலின் கருத்து. விலங்குக் கதைக்கும் வேதாகமத்துக்கும் அவர் நாடிய மொழி ஒன்றே. வீரமாமுனிவர் பிரித்த இடத்தில் லுத்தர் பிரிக்கவில்லை. இது சபைப்பிரிவின் பெருமைக்காகச் சொல்லப்படுவதன்று. தமிழில் அவ்வழியை நாம் பின்பற்றினோமா என்ற வினாவை இது நம்மீதே திருப்புகிறது.

6. நம் நிலை

சார்லஸ் பெர்குசன் 1959இல், ஒரே மொழியில் உயர்வழக்கு, தாழ்வழக்கு என இரண்டு நிலவும் சமுதாயங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எந்தச் சூழலில் எவ்வழக்கு ஆளப்படும் என்பதற்கு அவர் தந்த அட்டவணையில், உயர்வழக்குக்குரியதாக முதற்கண் நிற்பது அருளுரை! நாட்டார் இலக்கியமோ தாழ்வழக்கின் பக்கம் நிற்கிறது. இக்கோட்பாட்டைத் தமிழுக்குப் பொருத்தி ஆராய்ந்த பிரான்சிஸ் பிரிட்டோவின் நூல் 1986இல் வெளிவந்தது. மொழியியலார் கண்டதைப் பதிவு செய்தனர்; இறையியலார் அதனை ஆராயாமல் ஏற்கலாகாது.

நம் அருளுரைகளைச் சற்றுக் கவனித்துப் பார்த்தால் உண்மை விளங்கும். விளக்கவுரை நூல்நடையில் செல்கிறது. இடையே ஒரு சிறுகதை சொல்லப்படும், அதில் ஒரு கிழவியோ, குடிகாரனோ, மாடு மேய்ப்பவனோ வருவான், அவன் வாயில் மட்டும் பேச்சுத்தமிழ் வரும், சபையார் சிரிப்பர். உடனே ஆயர் மீண்டும் நூல்நடைக்கு ஏறிவிடுவார். மன்னிப்பு, மீட்பு, நம்பிக்கை ஆகியவை ஒரு தமிழில்; மூடத்தனம் மற்றொரு தமிழில். பரமார்த்த குருவின் பாடத்தை நாம் கற்ற விதம் இது. வயலில் களையெடுத்துவிட்டு வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய், தன் வாய்மொழி அருட்பீடத்திலிருந்து ஒலிக்கக் கேட்கும் ஒரே வேளை, பிறர் நகைக்கும் வேளையாக இருக்கிறது. அவள் தன் மொழியைப் பற்றியும், தன் மொழியில் தான் செய்யும் மன்றாட்டைப் பற்றியும் என்ன எண்ணிக்கொள்வாள்? கிராமச் சபைகளில் வெளியரங்கமாக மன்றாட அழைத்தால் பலர் பின்வாங்குவதற்குப் பக்திக்குறைவு காரணமன்று. ‘எனக்குப் பேசத் தெரியாது’ என்னும் அச்சமே காரணம். அவ்வச்சத்தைக் கற்பித்தவர்கள் நாமே.

இதற்கு மாற்றாக, அருளுரை முழுவதையும் பேச்சுவழக்கில் ஆற்றிவிட வேண்டும் என்று சொல்வது எளிது, ஆனால் போதாது. ஆயர் செயற்கையாகக் கொச்சை பேசினால் அதுவும் ஒருவகை நகைப்பே. செந்தமிழுக்கும் திருவழிபாட்டில் இடமுண்டு. கிராமத்தார் அதனை விரும்பிக் கேட்கவும் செய்கின்றனர். வேண்டுவது, எளிய வழக்குக்குக் கனமான பொருளைச் சுமக்கும் உரிமையை அளிப்பது. அதனைச் செய்து காட்டியவர் நம்மிடையே இருந்தார். 1969இல் மதுரை அரசரடியில் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த ஜே. தியோபிலஸ் அப்பாவு, கிராம மக்களின் இசையையும் பேச்சையும் கொண்டு திருவழிபாட்டையே அமைத்தார். அவர் பாடல்களில் எளியோரின் மொழி விடுதலையையும் இறைவனின் உறவையும் பேசுகிறது. சோயி ஷெரினியன் 2014இல் அவரைப் பற்றி வெளியிட்ட ஆய்வுநூல், அப்பணியின் இறையியல் கனத்தை உலகோர் அறியச் செய்தது.

இறையியல் மாணவர் கிரேக்கமும் எபிரேயமும் கற்கின்றனர், கற்கவே வேண்டும். அவற்றோடு, தாம் பணியாற்றச் செல்லும் ஊரின் தமிழையும் ஒரு பாடமாகக் கற்பிக்க நம் கல்லூரிகள் முன்வர வேண்டும். சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடி வந்து, பள்ளிப்பிள்ளைகளோடு மணலில் எழுத்து வரைந்து தமிழ் கற்றார். அயலாராகிய அவருக்கு இருந்த அப்பணிவு, தமிழராய்ப் பிறந்த நமக்குத் தேவையில்லை என எண்ணுதல் பிழை. களத்துமேட்டிலும் துக்க வீட்டிலும் மக்கள் துயரையும் நன்றியையும் எச்சொற்களால் சொல்கின்றனர் எனக் கேட்டு எழுதிக்கொள்வது, அருளுரைக்கு ஆயத்தமாவதில் ஒரு பகுதியாக வேண்டும்.

பரமார்த்த குருவின் கதையைப் பிள்ளைகள் இன்னும் பல தலைமுறை படித்துச் சிரிக்கட்டும். அத்தகுதி அதற்கு உண்டு. அதனைத் தந்த முனிவர்க்குத் தமிழுலகம் கடன்பட்டுள்ளது. அவர் தமிழ் கற்போர்க்குத் திறந்த வாயில் வழியே நாம் இன்னும் ஓரடி உள்ளே செல்ல வேண்டியவர்களாயிருக்கிறோம். பட்டியலில் உள்ள உடைகளையெல்லாம் ஒழுங்காக எடுத்து வைத்துவிட்டு, குழியில் கிடக்கும் ஆளை விட்டுச் செல்வோராய் நாம் இராதிருப்போமாக.